நீளம் முன்கூட்டியே எழுதப்படாத சங்கிலிகள்

பாலிமர்க் கரைசல் ஒன்றைப் பற்றி ஆய்வகத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, அதன் மூலக்கூறு எடை என்ன என்பதுதான். புட்டியின் மேல் ஒட்டிய தாளில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். கரைசல் எந்த வெப்பநிலையில் கலங்கும், எந்தச் செறிவில் இரண்டு அடுக்குகளாகப் பிரியும், எவ்வளவு கெட்டியாக ஓடும் என்ற கணக்குகள் எல்லாம் அந்த எண்ணிலிருந்தே தொடங்கும். பாலிஸ்டைரீனைச் செய்து, கழுவி, உலர்த்திவிட்டால் அதன் சங்கிலி நீளம் அத்துடன் உறைந்துபோகிறது. பிறகு கரைசலைச் சூடாக்கினாலும் நீர்க்கச் செய்தாலும் அது மாறுவதில்லை. ஆனால் அப்படி ஓர் எண்ணைத் தாளில் எழுதவே முடியாத கரைசல்களும் இருக்கின்றன. அவற்றில் சங்கிலிகளும், சங்கிலியின் கண்ணிகளாகக் கோக்கும் சிறு மூலக்கூறுகளான தனி மோனோமர்களும் இடைவிடாத கொடுக்கல் வாங்கலில் இருக்கும். வெப்பநிலை மாறினால் நீளம் மாறும், கரைப்பானைச் சேர்த்தால் நீளம் மாறும், ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்குச் சென்றாலே நீளம் மாறும். இவற்றை வாழும் பாலிமர்கள் என்கிறார்கள். இவற்றின் கரைசல் எப்போது ஒன்றாக நிற்கிறது, எப்போது பிரிகிறது என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது; காரணம், இங்கே சங்கிலியின் நீளம் நாம் கணக்கில் இடும் தரவாக இல்லாமல், கணக்கு நமக்குத் தரும் விடையாக வருகிறது.

பெயர் மைக்கேல் ஸ்வார்ட்ஸ் வைத்தது. போலந்தில் பிறந்து அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் பணியாற்றிய அவர், 1956இல் சோடியம் நாப்தலீன் சேர்மத்தை டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, அந்தப் பச்சை நிறக் கரைசலில் ஸ்டைரீனைச் சேர்த்தார். பச்சை உடனே சிவப்பானது. ஸ்டைரீன் முழுவதும் தீர்ந்த பிறகும் அந்தச் சிவப்பு மறையவில்லை. சங்கிலிகளின் முனைகளில் எதிர்மின்சுமை அப்படியே காத்திருந்தது என்பதற்கு அந்த நிறம்தான் சாட்சி. மேலும் ஸ்டைரீனைச் சேர்த்தால் அதே சங்கிலிகள் தொடர்ந்து வளர்ந்தன, கரைசல் இன்னும் கெட்டியானது. நீரோ ஆக்சிஜனோ கார்பன் டைஆக்சைடோ உள்ளே நுழையாத வரை அவற்றுக்கு முடிவு என்பதே இல்லை. இதனால்தான் அவற்றை அவர் வாழும் பாலிமர்கள் என்றார். தொழில்துறையும் இந்தக் கண்டுபிடிப்பை உடனே பற்றிக்கொண்டது: முதலில் ஸ்டைரீன், பிறகு பியூட்டாடையீன், மறுபடியும் ஸ்டைரீன் என்று அடுத்தடுத்து ஊட்டிச் செய்யும் ரப்பர்கள் இதன் நேர் வாரிசுகள்.

ஆனால் முனை திறந்திருப்பது மட்டும் போதாது. திறந்த முனை மோனோமரை ஏற்கும் என்றால், அதே முனை மோனோமரை வெளியேற்றவும் முடியும். ஸ்டைரீனில் இந்த வெளியேற்றம் அறை வெப்பநிலையில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதன் மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து ஆல்ஃபா-மெத்தில்ஸ்டைரீன் ஆக்கினால் கதையே மாறிவிடுகிறது. அந்தக் கூடுதல் மெத்தில் தொகுதி சங்கிலிக்குள் நெருக்கடியை உண்டாக்குவதால், பாலிமராவதில் வெளிப்படும் வெப்பம் ஸ்டைரீனின் பாதி அளவுக்குக் குறைந்துவிடும். மோனோமர்கள் சங்கிலியில் சேரும்போது தம் சுதந்திரத்தை இழக்கின்றன. அந்த என்ட்ரோபி இழப்புக்கு ஈடாகக் கிடைப்பது இந்த வெப்பம் மட்டுமே. வெப்பநிலை உயர உயர இழப்பின் எடை கூடுகிறது, வரவோ ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. இரண்டும் சமமாகும் வெப்பநிலைக்கு மேல் நீண்ட சங்கிலி நிலைக்க முடியாது. 1948இல் டெயின்டனும் ஐவினும் இந்த உச்சவரம்பு வெப்பநிலையை விளக்கினார்கள். சல்பர் டைஆக்சைடும் ஆலிஃபீன்களும் சேர்ந்து பாலிமராகும் வினை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் திடீரென்று நின்றுபோவது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அதன் காரணம்தான் பிடிபடாமல் இருந்தது.

தூய ஆல்ஃபா-மெத்தில்ஸ்டைரீன் திரவத்துக்கு இந்த வரம்பு ஏறத்தாழ 61 டிகிரி செல்சியஸ். கரைப்பானால் நீர்க்கச் செய்தால் வரம்பு இறங்குகிறது, ஏனெனில் நீர்த்த கரைசலில் மோனோமருக்கு அலைய இடம் அதிகம், சங்கிலியில் சேரும்போது இழக்கும் சுதந்திரமும் அதிகம். லிட்டருக்கு ஒரு மோல் என்ற செறிவில் அறை வெப்பநிலையில் நீண்ட சங்கிலிகள் உருவாகவே மாட்டா. பனிக்கட்டித் தொட்டிக்குள்ளோ அதற்கும் கீழோ கொண்டுசென்றால்தான் வளர்ச்சி தெரியும். செறிவை ஓர் அச்சிலும் வெப்பநிலையை இன்னோர் அச்சிலும் வைத்து இந்த வரம்புகளைப் புள்ளிகளாகக் குறித்து இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். இதைப் பாலிமராக்கல் கோடு என்போம். கோட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மோனோமர்கள் மட்டும், மறுபக்கத்தில் மோனோமர்களோடு சமநிலையில் நிற்கும் சங்கிலிகள்.

கந்தகம் இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது, என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான பொருளும் அதுதான். உருகிய கந்தகம் 120 டிகிரியளவில் வெளிர் மஞ்சள் நிறத்தில், கிட்டத்தட்டத் தண்ணீர்போல ஓடும். அதில் இருப்பவை எட்டு அணுக்கள் கொண்ட வளையங்கள். 159 டிகிரியைத் தாண்டியதும் வளையங்கள் திறந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, நிறம் செம்பழுப்பாகிறது, ஏறத்தாழ 187 டிகிரியில் பாகுநிலை பத்தாயிரம் மடங்குக்கு மேல் உயர்ந்து, சாய்த்த குடுவையிலிருந்து இறங்க மறுக்கும் பிசினாகிவிடுகிறது. அதற்கும் மேலே சூடாக்கினால் சங்கிலிகள் சிறுத்துத் திரவம் மறுபடியும் இளகும். பள்ளியில் கொதிக்கும் கந்தகத்தைக் குளிர்ந்த நீரில் ஊற்றி ரப்பர்போல இழுபடும் கந்தகம் செய்து பார்த்தவர்கள், உண்மையில் இந்த உயர் வெப்பநிலைச் சங்கிலிகளை அவை வளையங்களாகத் திரும்பும் முன் உறையவைத்தார்கள். அந்த ரப்பர் சில நாட்களில் நொறுங்கும் மஞ்சள் பொருளாகிவிடுவதும் இதனால்தான்.

சூடாக்கினால் பாலிமராவது முதலில் முறையற்றதாகத் தோன்றும். வளையம் சங்கிலிக்குள் சேரும்போது அது ஓரளவு வெப்பத்தை உறிஞ்சுகிறது, ஒரு மோலுக்கு ஏறத்தாழ 13 கிலோஜூல். ஆனால் விறைப்பான வளையத்தில் கட்டுண்டிருந்த எட்டு அணுக்கள் சங்கிலியில் பல விதமாக மடங்கவும் திரும்பவும் உரிமை பெறுகின்றன. இங்கே சேர்வதால் என்ட்ரோபி கூடுகிறது. ஆகவே கந்தகத்துக்கு உச்சவரம்பு இல்லை, கீழ்வரம்பு இருக்கிறது. 1959இல் டொபால்ஸ்கியும் ஐசன்பர்கும் இரண்டே சமநிலை மாறிலிகளை வைத்து இந்த நடத்தை முழுவதையும் விளக்கினார்கள்: ஒன்று, வளையம் திறந்து இரு முனைகளும் வெறுமையான குட்டிச் சங்கிலியாவது, மற்றொன்று, அந்தச் சங்கிலி மேலும் ஒரு வளையத்தை விழுங்குவது. முதல் படிக்கு மோலுக்கு ஏறத்தாழ 137 கிலோஜூல் தேவை. அதனால் சங்கிலி தொடங்குவது மிக அரிது, தொடங்கியவை மிக நீளமாக வளரும். அணு எண்ணிக்கையில் சொன்னால் லட்சக்கணக்கில். மாற்றம் 159 டிகிரியில் கத்தியால் வெட்டியதுபோல நிகழ்வதற்கும் இந்த அரிதான தொடக்கம்தான் காரணம். சுத்திகரிப்பு ஆலைகளில் வரும் கந்தகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு கரைந்திருந்தால் அது சங்கிலி முனைகளை மூடி எண்ணிக்கையைக் கூட்டிவிடும். நீளம் குறையும், பாகுநிலையின் சிகரம் படுத்துவிடும். 1943இல் பேக்கனும் ஃபனெல்லியும் கந்தகத்தின் பாகுநிலையை நம்பத்தக்கபடி அளந்தபோது, அழுக்கை நீக்குவதே அவர்களின் பெரும்பாடாக இருந்தது.

இனி கரைப்பானுக்கு வருவோம். இரு திரவங்கள் கலப்பதற்கு முக்கியமான உந்துதல் கலப்பின் என்ட்ரோபி; அது பொருளின் எடையைப் பார்ப்பதில்லை, தனித்தனியாக இடம் மாறக்கூடிய துண்டுகளின் எண்ணிக்கையையே பார்க்கிறது. ஒரு கூடை உதிரி மல்லிகையை முற்றத்தில் எத்தனை விதமாகவும் இறைக்கலாம், அதே பூக்களை ஒரே சரமாகக் கட்டிவிட்டால் இறைக்கும் வழிகள் பெரிதும் சுருங்கிவிடும். ஃபிளோரியும் ஹக்கின்ஸும் 1940களின் தொடக்கத்தில் தந்த கணக்கு இதைத்தான் எண்ணாக்குகிறது. கரைப்பானும் பாலிமர்த் துண்டும் ஒன்றையொன்று எவ்வளவு வெறுக்கின்றன என்பதை ஓர் இடைவினை எண்ணால் குறித்தால், சங்கிலி நீளம் 1 ஆக இருக்கும்போது பிரிவதற்கு அந்த எண் 2ஐ எட்ட வேண்டும், பிரிவு தொடங்கும் நிலைமாறு புள்ளி சரிபாதிச் செறிவில் அமையும். நீளம் 100 ஆனால் 0.605 போதும், நிலைமாறு செறிவு 9 சதவீதத்துக்கு இறங்கும். நீளம் 10,000 ஆனால் 0.51, செறிவு 1 சதவீதம். அதாவது ஒன்றையொன்று ஓரளவு மட்டுமே வெறுக்கும் இரு பொருள்கள், துண்டுகளாக இருக்கும்போது ஒற்றுமையாகவும் சங்கிலியானதும் பகையாகவும் நடந்துகொள்ளும்.

சாதாரணப் பாலிமரில் மேற்சொன்ன எண்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கணக்கை முடித்துவிடலாம். கந்தகத்தில் அப்படி முடியாது. கந்தகத்தை பென்சீனிலோ டொலுவீனிலோ பைஃபீனைலிலோ கரைத்து, ஒரே திரவமாக இருக்கும் கலவையைச் சூடாக்கிக்கொண்டே போனால், பாலிமராக்கல் கோடு எதிர்ப்படும். நீர்த்த கலவையில் கோடு உயரத் தள்ளிப்போயிருக்கும். டொபால்ஸ்கி–ஐசன்பர்க் மதிப்புகளை எளிய சமன்பாட்டில் இட்டால், கந்தகத்தைப் பாதிக்குப் பாதி நீர்க்கச் செய்தபோது 159 என்ற எண் 260 டிகிரிக்குப் பக்கத்தில் சென்று நிற்கிறது. கோட்டை எட்டியதும் வளையங்கள் சங்கிலியாகின்றன. சங்கிலியானதும் கலப்பின் என்ட்ரோபி சரிகிறது. கலவை பிரியத் தொடங்குகிறது. பிரிந்ததும் ஓர் அடுக்கில் கந்தகம் செறிவாகிறது. செறிவான இடத்தில் பாலிமராவது இன்னும் எளிது, ஆகவே அங்கே சங்கிலிகள் மேலும் நீள்கின்றன, நீண்ட சங்கிலி கரைப்பானை மேலும் வெளியே தள்ளுகிறது. கரைப்பான் மிகுந்த மறு அடுக்கிலோ கந்தகம் நீர்த்துப்போவதால் அது வளையமாகவே நின்றுவிடுகிறது. ஒரே வெப்பநிலையில், ஒரே குழாயில், அடுத்தடுத்த இரு அடுக்குகளில், ஒரே தனிமம் ஒன்றில் பாலிமராகவும் மற்றதில் சிறு மூலக்கூறாகவும் சமநிலையில் இருக்கிறது. பாலிமராதல் பிரிவைத் தூண்டுகிறது, பிரிவு பாலிமராதலைத் தூண்டுகிறது. இந்த இருவழித் தூண்டலை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த விளக்கமும் பாதி விளக்கம்தான்.

சூடாக்கும்போது பிரியும் இந்தக் கலவைகளுக்கு 1965இல் கலிஃபோர்னியாவின் ராபர்ட் ஸ்காட் கோட்பாடு எழுதினார். டொபால்ஸ்கி–ஐசன்பர்க் சமநிலையையும் ஃபிளோரி–ஹக்கின்ஸ் கலப்பையும் ஒன்றாகப் பின்னியதே அவர் செய்த வேலை. பிறகு அவருடைய குழுவே பல கரைப்பான்களில் சோதித்துப் பார்த்தது. குளிர்ந்த நிலையில் சாதாரண வெறுப்பால் ஒரு பிரிவு, நடுவில் ஒற்றுமையான ஓர் இடைவெளி, மேலே பாலிமராதலால் இன்னொரு பிரிவு என்று வரைபடம் மணற்கடிகையின் வடிவத்தில் வந்தது. இவ்வளவு எளிய இரு பொருள்களிலிருந்து இப்படி ஒரு வரைபடம் கிடைப்பதை நம் கல்லூரிப் பாடங்கள் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குள்ள மனக்குறை. நிக்கோட்டினும் நீரும் கலப்பதையே எடுத்துக்காட்டாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இயற்பியலாளர்கள் இதற்குள் வந்தது இன்னொரு வாசல் வழியாக. காந்தம் போன்ற பொருள்களின் நிலைமாற்றங்களை விளக்கும் மாதிரி ஒன்றில், காந்தத் திசையின் கூறுகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் அது நீண்ட பாலிமர்ச் சங்கிலியின் கணக்காக மாறிவிடும் என்று 1972இல் டி ஜென் காட்டியிருந்தார். 1980இல் வீலர், கென்னடி, ஃபோட்டி ஆகிய மூவரும், கந்தகத்தின் பாலிமராக்கல் வெறும் வேதிச் சமநிலை அன்று, சங்கிலித் தொடக்கம் அரிதாக இருக்கும் எல்லையில் அது உண்மையான நிலைமாற்றம் என்றும், அதே மாதிரியால் அதை விவரிக்கலாம் என்றும் எழுதினார்கள். கரைப்பான் சேர்ந்த கந்தகத்தில் பாலிமராக்கல் கோடு பிரிவு வளைவில் சென்று முட்டும் இடம், அந்த எல்லையில், சாதாரண நிலைமாறு புள்ளி அன்று. ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையில், திரவம் உராய்வின்றி ஓடத் தொடங்கும் எல்லையான மீப்பாய்மக் கோடு பிரிவு வளைவைச் சந்திக்கும் இடத்தின் வகையைச் சேர்ந்தது. தனிப்பூஜ்யத்துக்கு ஒரு டிகிரிகூட மேலே இல்லாத குளிரில் நிகழ்வதும், இருநூறு டிகிரி சூட்டில் நாற்றமடிக்கும் கந்தகக் குழாயில் நிகழ்வதும் ஒரே வரைபடக் குடும்பம் என்பது சற்றுத் திகைக்கவைக்கும் செய்திதான். உண்மைக் கந்தகத்தில் சங்கிலித் தொடக்கம் அரிது, ஆனால் பூஜ்யம் அன்று. எனவே அந்தக் கூர்முனை கொஞ்சம் மழுங்கியே இருக்கும்.

இந்த இடத்தில், ஒரு கலவையின் கூறுகளையும் அது பிரியும் அடுக்குகளையும் எண்ணிப் பார்க்கும் கிப்ஸின் நிலைமை விதியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் வாழும் பாலிமருக்கும் உறைந்த பாலிமருக்கும் உள்ள ஆழமான வேறுபாடு அங்கேதான் வெளிப்படுகிறது. கடையில் வாங்கும் பாலிமரில் பல நூறு நீளங்கள் கலந்திருக்கும். ஒன்று மற்றொன்றாக மாற முடியாததால் விதியின் கணக்கில் ஒவ்வொரு நீளமும் ஒரு தனிக் கூறு. அப்படிப்பட்ட கரைசல் பிரியும்போது நீண்டவை ஓர் அடுக்கிலும் குட்டையானவை மற்றதிலும் ஒதுங்கும். முதல் கலங்கல் தெரியும் புள்ளிகளை இணைத்த வளைவும், பிரிந்த அடுக்குகளின் செறிவுகளை இணைத்த வளைவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்கும். நிலைமாறு புள்ளி வளைவின் உச்சியில் இல்லாமல் பக்கவாட்டில் சரிந்திருக்கும். கந்தகத்திலோ எல்லா நீளங்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கக்கூடியவை. நீளங்கள் எத்தனை லட்சம் இருந்தாலும் அவற்றை இணைக்கும் சமநிலைகளும் அத்தனை இருப்பதால், விதியின் கணக்கில் கந்தகம் முழுவதும் ஒரே கூறு. கந்தகமும் பைஃபீனைலும் சேர்ந்தால் இருகூறு அமைப்பு, அவ்வளவுதான். இரு வளைவுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். பார்வைக்கு மிகச் சிக்கலான கலவை, கணக்குக்கு மிக எளிய கலவை.

ஸ்வார்ட்ஸின் அயனிச் சங்கிலிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அங்கே சங்கிலிகளின் எண்ணிக்கை தானாகப் பெருகவோ குறையவோ முடியாது. எவ்வளவு துவக்கியை ஊற்றினோமோ அதுவே எண்ணிக்கையை நிர்ணயிக்கும். சோடியம் நாப்தலீனில் தொடங்கும் சங்கிலிகள் இரு முனைகளிலும் வளர்வதால், சராசரி நீளம் என்பது சங்கிலியில் சேர்ந்த மோனோமரைத் துவக்கியால் வகுத்து இரண்டால் பெருக்கிய எண். ஆகவே மோனோமர், கரைப்பான், துவக்கி என்று மூன்று கூறுகள். ஆய்வாளரின் கையில் இது ஒரு திருகு: துவக்கியைக் கூட்டினால் பாலிமராக்கல் கோடு கோடாகவே நிற்காமல் ஒரு பட்டையாகப் பரவும், தன்வெப்பத்தின் சிகரம் அகன்று தாழும், சங்கிலிகள் குட்டையாவதால் கலவை பிரியும் போக்கும் தணியும்.

1990களில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சாண்ட்ரா கிரியரின் குழு ஆல்ஃபா-மெத்தில்ஸ்டைரீனை இந்தக் கோணத்தில் பொறுமையாக ஆராய்ந்தது. டெட்ராஹைட்ரோஃபியூரானில் பாலிமராக்கல் கோட்டின் அருகே அடர்த்தி, பாகுநிலை, நியூட்ரான் சிதறல் என்று ஒவ்வொன்றாக அளந்தார்கள். மெத்தில்சைக்ளோஹெக்சேனில் பிரிவையும் தேடினார்கள். இரண்டாவது கரைப்பான் இந்தப் பாலிமருக்கு அவ்வளவு இணக்கமானதன்று. குளிரவைக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு நடக்கின்றன: சங்கிலிகள் வளர்கின்றன, கரைப்பானின் சகிப்பும் குறைகிறது. ஒரு துளி ஈரம் போதும், சிவப்பு மறைந்து, வாழ்ந்துகொண்டிருந்த பாலிமர் சாதாரணப் பாலிமராகிவிடும். எல்லாக் கண்ணாடிக் கலன்களையும் வெற்றிடத்தில் சுட்டு, உருக்கி மூடி வேலை செய்ய வேண்டும். இந்த அளவீடுகளின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கோட்பாட்டின் பக்கம் சிகாகோவில் டுடோவிச்சும் ஃபிரீடும், அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனத்தின் டக்ளஸும் 1999 முதல் தொடர்ச்சியாக எழுதிய கட்டுரைகள், ஃபிளோரி–ஹக்கின்ஸ் கணக்கை வாழும் பாலிமருக்கு ஏற்ப விரித்தன. அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. பாலிமராதலின் ஆற்றலும் கரைப்பானின் வெறுப்பும் இரு தனித்தனி அளவுகள். இவற்றின் விகிதத்தைப் பொறுத்து நிலைமாறு வெப்பநிலை, நிலைமாறு செறிவு இரண்டும் நகரும். பாலிமராக்கல் கோடு பிரிவு வளைவுக்கு வெகு மேலே இருந்தால், கலவை பிரிய வரும்போது சங்கிலிகள் ஏற்கெனவே நீண்டிருக்கும், வரைபடம் சாதாரணப் பாலிமர்க் கரைசலினுடையதைப்போல நீர்த்த பக்கம் சாய்ந்திருக்கும். கோடு வெகு கீழே இருந்தால் பிரிவது சிறு மூலக்கூறுகள்தான், வளைவு சமச்சீராக நிற்கும். இரண்டும் குறுக்கிடும் பகுதியில்தான் அசாதாரண வடிவங்கள் எல்லாம் கிடைக்கின்றன. ஆகவே வாழும் பாலிமரின் நிலைமை வரைபடம் என்பது ஒரு வளைவு அன்று. ஒன்றையொன்று இழுத்துத் தள்ளும் இரண்டு வளைவுகள்.

இதில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தாக வேண்டும். இதுவரை சமநிலை என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் காலம் ஒளிந்திருக்கிறது. அயனிச் சங்கிலிகள் முதலில் மோனோமரின் செறிவைச் சரிசெய்துகொள்கின்றன. அது ஒப்பீட்டளவில் விரைவு. அந்தக் கட்டத்தில் எல்லாச் சங்கிலிகளும் ஏறக்குறைய ஒரே நீளம், ஏனெனில் எல்லாம் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக வளர்ந்தவை. ஆனால் உண்மையான சமநிலையில் நீளங்கள் அப்படி ஒழுங்காக இருக்க முடியாது. குட்டையும் நெட்டையும் பரவலாகக் கலந்த பங்கீடே அங்கே நிலைக்கும். பிரவுனும் ஸ்வார்ட்ஸும் 1958இலேயே இதைச் சுட்டினார்கள். மியாக்கியும் ஸ்டாக்மேயரும் 1965இல் காட்டியபடி, அந்த இரண்டாவது சமநிலைக்குச் செல்லும் பாதை மிக மிக மெதுவானது. ஆகவே அளவீட்டை எப்போது எடுத்தோம் என்பதைச் சொல்லாத வரைபடத்தை நான் முழுமையாக நம்புவதில்லை.

நீளமாக வளரும் மிசெல்களிலும் இதே கணக்கு மறுபிறவி எடுக்கிறது, இந்த முறை எந்த வேதிப்பிணைப்பும் இல்லாமல். சோப்பு மூலக்கூறுகள் திரண்டு உருளைகளாகி, புழுப்போல நெளிந்து, முறிந்து, மறுபடியும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறிவும் இரு புதிய முனைகளை உருவாக்குவதால் அதற்கு ஆற்றல் செலவு உண்டு; சராசரி நீளம் செறிவின் வர்க்கமூலத்தோடும், அந்த முனைச் செலவின் அடுக்குக்குறி வேகத்தோடும் கூடும். வீட்டில் பாத்திரம் கழுவும் திரவம் செய்து விற்பவர்கள் சோடியம் லாரெத் சல்பேட்டுக் கரைசலில் சாதாரண உப்பைப் போட்டுக் கெட்டிப்படுத்தும்போது கூட்டுவது இந்த நீளத்தைத்தான். உப்பு கொஞ்சம் கூடிப்போனால் திரவம் திரும்ப நீர்த்துப்போவதையும், இன்னும் கூடினால் கலங்கிப் பிரிவதையும் அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். உப்பு மிகும்போது முனைகள் உருவாவதைவிடக் கிளைச் சந்திகள் உருவாவது மலிவாகிறது, சங்கிலிகள் வலையாகின்றன. மூலக்கூறுகளுக்கு இடையே நேரடி ஈர்ப்பு பெரிதாக இல்லாதபோதும், சந்திகள் தரும் கூடுதல் என்ட்ரோபி மட்டுமே வலையை ஓர் அடுக்காகத் திரட்டி நீரை வெளியேற்ற முடியும் என்று டுலுஸ்டியும் சாஃப்ரானும் 2000இல் காட்டினார்கள். இப்படி முறிந்து ஒட்டும் சங்கிலிகளின் ஓட்டத்துக்கு மைக்கேல் கேட்ஸ் 1987இல் எழுதிய கோட்பாடு தனிக் கட்டுரை கேட்கும் பொருள். அதை இங்கே தொடப்போவதில்லை.

நம் உடலுக்குள் இதே நிகழ்வு நோயாக வருவது அரிவாளணு இரத்தச் சோகையில். ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து அமர்வதால், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் பதினான்கு இழைகள் முறுக்கிய நார்களாகக் கோத்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் திரும்பினால் நார் கரைந்துவிடும். அந்தப் பொருளில் இதுவும் மீளக்கூடிய பாலிமர். 37 டிகிரியில், முழுவதும் ஆக்சிஜனற்ற நிலையில், கரைந்து நிற்கக்கூடிய அளவு 100 மில்லிலிட்டருக்கு 16 அல்லது 17 கிராம்தான். சிவப்பணுவுக்குள் இருப்பதோ ஏறத்தாழ அதன் இரு மடங்கு. மிச்சம் முழுவதும் நார் நிலைமைக்குப் போகிறது. கந்தகத்தைப்போலவே இதுவும் சூட்டில் கோத்து, குளிரில் கரைவது: ஆய்வகத்தில் அந்த விறைத்த கூழைப் பனிக்கட்டியில் வைத்தால் திரவமாகிவிடும். செறிவைச் சிறிதளவு குறைத்தாலே நார் தோன்ற ஆகும் நேரம் பல மடங்கு நீள்வதால், அணுவுக்குள் நீர்ச்சத்தைக் காப்பது மருத்துவத்திலும் பேசப்படும் வழி. இந்தியாவில் இந்த அரிவாளணுப் பண்பு முதலில் அறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடையே. லேமனும் கட்புஷும் 1952இல் அதை வெளியிட்டார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து மருத்துவர்களுக்கு இந்தக் கட்டுரையின் நிலைமை வரைபடம் வெறும் படம் அன்று.

அண்மைக் காலத்தில் டெயின்டனும் ஐவினும் சொன்ன உச்சவரம்பு, பிளாஸ்டிக்கைத் திரும்ப மோனோமராக்கும் முயற்சிகளில் மறுபடியும் பேசுபொருளாகியிருக்கிறது. பாலிமெத்தில்மெத்தாக்கிரிலேட்டை வழக்கமான முறையில் சிதைக்க 400 டிகிரி அளவிலான சூடு வேண்டும். ஆனால் முனையில் மறுபடியும் செயல்படக்கூடிய தொகுதி இருக்கும்படி செய்த சங்கிலிகளை மிக நீர்த்த கரைசலாக்கி, 120 டிகிரியிலேயே பெரும்பகுதியை மோனோமராகத் திருப்ப முடியும் என்று சூரிச் நகரின் அனஸ்டாசாகி குழு 2022இல் காட்டியது. நீர்க்கச் செய்ததால் வரம்பு இறங்கியது, முனை திறந்ததால் சங்கிலி தன் வரம்பைக் கண்டுகொண்டது. சிக்கல் அந்த நீர்ப்பில்தான்: ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்கு எத்தனை லிட்டர் கரைப்பானைச் சூடாக்கிப் பின்பு பிரிப்பது? செறிவைக் கூட்டினால் பாலிமராக்கல் கோடு மேலே ஏறிவிடும், வெப்பநிலையைக் கூட்டினால் முனைத் தொகுதிகளும் பக்க வினைகளும் கட்டுக்குள் நிற்பதில்லை. மோனோமரை உருவாக உருவாக ஆவியாக்கி வெளியேற்றினால், கரைசலில் அதன் செறிவு சமநிலையை எட்டாமலே இருக்கும். கெட்டியான கரைசலிலும் சங்கிலி கரைந்துகொண்டே வரும். இப்போது பலரும் முயல்வது அந்த வழியைத்தான்.